நான்கு குழித் தட்டு

அமலோற்பவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஆரணியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு பெங்களூருக்குப் போய் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தாளே, அன்றைக்கே அந்தக் கிழமை அவள் கையை விட்டுப் போய்விட்டது. அவள் வளர்த்தது கருக்களையும், கருவிலிருந்து பிரித்தெடுத்த குருத்தணுக்களையும். குருத்தணு என்பது இன்னும் எதுவாகவும் ஆகாத செல். தோலாகலாம், நரம்பாகலாம், இதயமாகலாம். அதை அப்படியே எதுவாகவும் ஆகாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. தினமும் பழைய சத்துநீரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஒரு நாள் தவறினால் கோபித்துக்கொண்டு கண்டபடி மாறத் தொடங்கிவிடும். மாமியார்கூட ஒரு வேளை பொறுப்பாள், இவை பொறுக்காது.

ஊரில் அம்மா பொன்னம்மாளுக்கு இது பிடிபடவே இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து வாரம் தவறாமல் போன் செய்வாள்.

"பூசைக்குப் போனியா?"

"இல்லம்மா. லேபுல இருக்கறேன்."

"பூசைக்குக்கூடப் போவாம அப்டி என்னாத்துக்குத் தீனி போட்டுகினு இருக்கற?"

"அதுங்களுக்கு ஞாயித்துக்கெழம தெரியாதும்மா."

பொன்னம்மாள் ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்கும் சேர்த்து மீட்டர் ஓடும். பிறகு, சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அமலோற்பவம் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் வாரம் முழுதும் அவள் காத்திருந்தது அந்த மூன்று நிமிடத்துக்குத்தான்.

அவளுடைய அப்பா இருதயசாமி, லோகநாதன் என்ற பட்டு வியாபாரியின் தறியில் புடவை நெய்தவர். அம்மாவுக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீரும்போது, பழைய நூலின் முனையோடு புதுப் பாவின் முனையை இழை இழையாக எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிச் சேர்ப்பார்கள். ஒரு புடவை அகலத்தில் ஆயிரக்கணக்கான இழை. பொன்னம்மாள் பக்கத்து வீட்டுக்காரியோடு வாயடித்துக்கொண்டே சேர்ப்பாள், ஒன்றுகூட அறாது. அந்த விரல்கள் மகளுக்கும் வாய்த்திருந்தன. கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி மயிரிழையாக இழுத்து, அதன் வழியே கண்ணுக்குத் தெரியாத எலிக்கரு ஒன்றை மெல்ல உறிஞ்சி இன்னொரு சொட்டு நீரில் விட வேண்டும். மற்றவர்கள் ஆறு மாதம் பழகியதை அவள் ஒரே வாரத்தில் செய்தாள். இந்தக் கை எங்கே பழகியது என்று பேராசிரியர் கேட்டபோது, ஆரணியில் என்று மட்டும் சொன்னாள்.

அவள் கருவின் பக்கம் வந்ததற்குக் காரணம் விரல்கள் இல்லை. காரணத்தின் பெயர் ராபர்ட்.

அவளுக்கு எட்டு வயதானபோது, அடைமழை நாள் ஒன்றில், அம்மாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து மருத்துவச்சி பூங்காவனம் ஓடி வந்தாள். ஆண் குழந்தை. இரண்டு மூச்சோ மூன்று மூச்சோ விட்டான். அம்மா மயங்கிக் கிடந்தாள். அப்பா வண்டி தேடிப் போயிருந்தார். பூங்காவனம் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். சாகப் போகும் குழந்தையின் தலையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றிப் பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சுவரோரம் நின்ற எட்டு வயது அமலோற்பவத்துக்குத் தெரியும். ஞானோபதேச வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர்ச் செம்பும் பக்கத்திலேயே இருந்தது. அவள் பயத்தில் அசையாமல் நின்றுவிட்டாள்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கல்லறைக்குள் வைப்பது அந்தக் காலத்து வழக்கம் இல்லை. அப்பா அவனை ஒரு துண்டில் சுற்றித் தூக்கிப் போய், கல்லறைச் சுவருக்கு வெளியே புங்கமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார். வைக்க நினைத்திருந்த ராபர்ட் என்ற பெயர் யாருக்கும் வைக்கப்படாமலே நின்றுபோனது. பொன்னம்மாள் மாதக்கணக்கில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான துள்ளிகினு இருந்தான். ஏன் நின்னுபோனான்?"

செம்பைப் பற்றி அமலோற்பவம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்குப் பதிலாகப் படித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வேலூரில் பட்டம், சென்னையில் மேற்பட்டம், பிறகு பெங்களூரு. பத்துக் கருவில் பாதி, முதல் ஐந்தாறு நாளிலேயே காரணம் தெரியாமல் நின்றுவிடுகிறது என்று பாடத்தில் வாசித்த அன்று, தன் வேலை எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏழு மாதப் பிள்ளை நின்றதற்கும் ஐந்து நாள் கரு நிற்பதற்கும் காரணங்கள் வேறு என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் அங்கேதான் தேடினாள்.

தெருவில் அவளைப் பற்றி அவரவர் ஒன்று சொன்னார்கள். எலி வைத்து ஆராய்ச்சி என்று கேள்விப்பட்டு, முனிசிபாலிட்டியில் எலி பிடிக்கிற பிரிவு என்றார் ஒருவர். கரு என்று கேள்விப்பட்ட பெண்கள், பிள்ளையில்லாத மகள்களை அழைத்துக்கொண்டு அவள் லீவில் வரும்போதெல்லாம் வாசலில் நின்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. போளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பெண் பார்த்துவிட்டுப் போனார். அவளுக்கும் பிடித்திருந்தது. வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னார். ஒரு வருடம் பொறுக்கச் சொன்னாள். அவர் ஆறு மாதம்கூடப் பொறுக்கவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில், போளூர் என்று பலகை போட்ட பஸ் எதிரில் வந்தால் அவள் ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஐந்தில் அப்பா இறந்தார். அடுத்த ஆண்டு கோடையில், தனியாக இருந்த அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்து வந்தாள். பொன்னம்மாள் பத்துக் கிலோ களம்பூர் அரிசியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். பெங்களூரு அரிசியின் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

அமலோற்பவம் அப்போது தன் வாழ்நாளிலேயே பெரிய வேலையில் இருந்தாள். செயற்கைக் கருத்தரிப்பு முடிந்து, மிச்சமிருந்த கருக்களைச் சில தம்பதிகள் கையெழுத்துப் போட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். மனிதக் கருவிலிருந்து ஒரு குருத்தணு வரிசையைப் பிரித்து வளர்க்க வேண்டும். பதினேழு கருக்களில் பதினாறு எதுவும் தரவில்லை. பதினேழாவதில் ஒரு சின்னக் கொத்து பிடித்துக்கொண்டு வளர்ந்தது. அதைப் பிரித்து, நான்கு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் பெருகினால் உறைய வைத்துவிடலாம். உறைந்துவிட்டால் பிறகு பயமில்லை. அடுத்த புதன்கிழமை என்று நாள் குறித்திருந்தாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு தப்புச் செய்தாள். அம்மாவை லேபுக்கு அழைத்துப் போனாள்.

வெளியாள் யாரையும் அந்த அறைக்குள் விடக் கூடாது. விதியை எழுதி ஒட்டியதே அவள்தான். ஆனால் பதினைந்து வருடமாக, தான் என்ன செய்கிறோம் என்பதை அம்மா ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் கிடந்து அரித்தது. தொப்பி மாட்டி, கைகழுவ வைத்து, மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். முதலில் எலிச் செல்கள். குருத்தணுவிலிருந்து இதயத் தசையாக மாறி, தட்டில் தானாகவே துடித்துக்கொண்டிருந்த கொத்து.

"துடிக்குதே," என்றாள் பொன்னம்மாள். கண்ணை எடுக்கவே இல்லை.

"அது எலியோடதும்மா."

"எலியோ புலியோ, துடிக்குதில்ல?"

பிறகு நான்கு குழித் தட்டைக் காட்டினாள். இது மனிதக் கருவிலிருந்து வந்தது, பெற்றவர்கள் வேண்டாம் என்று கொடுத்தது என்று விளக்கினாள்.

"இந்தப் புள்ளைங்களுக்குத் தண்ணி ஊத்தினாங்களா?"

"அது புள்ள இல்லம்மா. செல்லு. வெறும் செல்லு."

"கருவுலேருந்துதான வந்துச்சின்ற?"

"வந்துச்சு. ஆனா அது புள்ளையா ஆவாது."

பொன்னம்மாள், மகள் தட்டை உள்ளே வைத்து இன்குபேட்டர் கதவைச் சாத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவு பிணைக்கிறவளுக்கு ஒரு வேலையை ஒரு தடவை பார்த்தால் போதும். பக்கத்து அறையில் போன் அடித்தது. அமலோற்பவம் போய்ப் பேசிவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்தாள். அம்மா அதே ஸ்டூலில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான்கு குழியும் கலங்கிக் கிடந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக இழைகள். பூஞ்சணம். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அமலோற்பவம் தட்டை மூடி வைத்தாள். பிறகு ஆள் தேடினாள். திங்கட்கிழமை சத்துநீர் ஊற்றியவள் பானுப்ரியா என்ற ஆராய்ச்சி மாணவி. கையைத் துடைத்தாயா, மூடியை எங்கே வைத்தாய், வாயைத் திறந்து பேசினாயா என்று எல்லோர் எதிரிலும் வைத்து அந்தப் பெண்ணை உலுக்கி எடுத்துவிட்டாள். அந்தப் பெண் அழுதுகொண்டே, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன் என்றாள். உண்மையைச் சொன்னவளை யாரும் நம்பவில்லை.

அன்று மாலை குவார்ட்டர்ஸில், பானுப்ரியாவை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதப் போவதாக அமலோற்பவம் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து பொன்னம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிரில் நின்றாள்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத. நான்தான் ஊத்தினேன்."

"என்னாத்த ஊத்தின?"

"சேத்துப்பட்டு மாதா கோயில்ல மந்திரிச்ச தண்ணி. பையிலதான் வச்சிருந்தேன். நீ போன் பேசப் போனியே, அப்ப. ஒரு குழிக்கு ஒரு சொட்டுதான். பேரு சொல்லி ஊத்தினேன்."

பதினேழு கருக்கள், இரண்டு வருடம், கமிட்டி கமிட்டியாக அலைந்த அலைச்சல். எல்லாம் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் போயிற்று. அமலோற்பவம் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை.

"உன் புள்ளைக்கு ஊத்த ஆளில்லாம போச்சின்னு, என் புள்ளைங்க மேல ஊத்தினியா? நாலையும் சாவடிச்சிட்டியேம்மா."

பொன்னம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"புள்ளைங்கன்னா சொன்ன?"

தன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அமலோற்பவத்துக்கே அப்போதுதான் உறைத்தது. உன் பிள்ளைக்கு ஊற்ற ஆள் இருந்தது, அது நான்தான், சுவரோரம் நின்றிருந்தேன் என்று அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பொன்னம்மாள் பையைக் கட்டிவிட்டாள். அரிசி மூட்டையில் பாதி அப்படியே இருந்தது. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக, "வேளாவேளைக்குச் சாப்புடு," என்றாள் பொன்னம்மாள். அவ்வளவுதான். லேபுக்குத் திரும்பிய அமலோற்பவம் பானுப்ரியாவிடம் மன்னிப்புக் கேட்டாள். யாரெதிரில் திட்டினாளோ அவர்கள் எதிரிலேயே கேட்டாள். அந்தப் பெண் பரவாயில்லை மேடம் என்றது. இரண்டு மாதத்தில் வேறு லேபுக்குப் போய்விட்டது.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இவளாவது செய்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வீட்டில் போன் கிடையாது, லோகநாதன் வீட்டுக்குச் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொல்ல வேண்டும், அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் செல்களுக்குச் சத்துநீர் ஊற்றும்போது, பூசை முடிகிற நேரத்துக்கு அவள் காது பக்கத்து அறைக்குப் போய்விடும். நாற்பது வயதில், எத்தனையோ கட்டுரை எழுதியவள், அந்த அறையில் தன் அம்மாவுடைய பெருமூச்சுக்காக ஏங்கினாள். இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் வந்தது. வேலை இருக்கிறது என்று தானே சொல்லிக்கொண்டு ஊருக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் அக்டோபரில், புதிதாக வந்த கருக்களில் ஒன்று பிடித்துக்கொண்டது. பெருகியது. இந்தத் தடவை ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் பாதியை உறைய வைத்தாள். லேபில் எல்லோரும் கைதட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் யாரிடம் சொன்னால் அது முழுச் சந்தோஷமாகுமோ அந்த ஆள் ஆரணியில் இருந்தாள். சத்துநீர் ஊற்றும் பொறுப்பைக் குமரேசன் என்ற உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, நவம்பர் இரண்டாம் தேதி காலையில் வேலூர் பஸ் ஏறினாள். கல்லறைத் திருநாளுக்கு அவள் ஊருக்கு வருவது பதினாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. ஆரணியில் தெருத்தெருவாகத் தறிச் சத்தம் ஓயாமல் கேட்டது. வீடு பூட்டியிருந்தது. கல்லறைக்குப் போனாள். பொழுது சாய்கிற நேரம். வெள்ளையடித்த கல்லறைகளின் மேல் சாமந்தியும் மெழுகுவத்தியும். அப்பாவின் கல்லறையில் ஒரு வத்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அம்மா இல்லை. எங்கே இருப்பாள் என்று தெரியும். சுவரைச் சுற்றிக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள்.

பொன்னம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே ஐந்து மெழுகுவத்திகள். ராபர்ட்டுக்கு ஒன்றுதான் வைப்பாள். அமலோற்பவம் எண்ணிப் பார்த்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜல்தியா வந்திருந்தா பூசைக்கு வந்திருக்கலாம்," என்றாள் பொன்னம்மாள், நேற்றுப் பேசி விட்ட இடத்திலிருந்து பேசுகிறவள் மாதிரி.

"பஸ்ஸு லேட்டும்மா. யாருக்கு இதெல்லாம்?"

"அது ராபர்ட்டுக்கு. இந்த நாலும் உன்னுதுங்களுக்கு. போன வருசமும் வச்சேன். நீ வரல."

அமலோற்பவம் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னாள்.

"நாலு இல்லம்மா. ஒண்ணுதான். எல்லாம் ஒரே கரு. நான்தான் பிரிச்சு நாலு குழியில வச்சேன்."

"ஒண்ணா?" பொன்னம்மாள் வத்திகளை ஒரு முறை எண்ணினாள். "நான் நாலு பேரு வச்சிட்டேனே."

"என்னா பேரு?"

"மூணுக்கு அன்னிக்கு வாயில வந்த புனிதருங்க பேரு. மொத குழிக்கு ராபர்ட்டுன்னு வச்சேன். அந்தப் பேரு சும்மாதான கெடந்துச்சு."

காற்று வீசி ஒரு வத்தி அணைந்தது. எந்த வத்தி என்று அமலோற்பவம் பார்க்கவில்லை. பக்கத்து வத்தியிலிருந்து அதைப் பற்ற வைத்து, சுடர் நிலைக்கிற வரைக்கும் கையால் மறைத்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"அன்னிக்கு செம்பு பக்கத்துலதாம்மா இருந்துச்சு. எனக்குத் தெரியும், ஊத்தணும்னு. பயந்துகினு நின்னுட்டேன்."

இழை எண்ணிச் சேர்க்கிறவளைப் போலப் பொன்னம்மாளின் விரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

"எட்டு வயசு," என்றாள் கடைசியில். "அதுக்கா இவ்ளோ நாளு இப்டி ஓடிகினு இருந்த?"

அமலோற்பவம் தலையை மட்டும் அசைத்தாள். சாம்பலில் உரசி உரசிக் காய்த்துப்போன அந்தக் கை அவள் முதுகில் வந்து விழுந்தது.

"ஏன் நின்னுபோனான்னு தெரிஞ்சிதா?"

"இல்லம்மா. இன்னும் தெரியல. புதுசா ஒண்ணு வளருது. அதுலயாவது தெரியுமான்னு பாக்கணும்."

"நான் அது கிட்டயே வரமாட்டேன்," என்றாள் பொன்னம்மாள். பிறகு, முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நீ ஞாயித்துக்கெழம லேபுக்கே போ. உனக்கும் சேத்து நான் பூசைக்குப் போறேன்."